பி.எஸ்.சி முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? டெல்டா மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 20 வருடத்துக்கு மேலாக வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு டிசம்பரிலும் "அடுத்து என்ன?" என்று கேட்பது வழக்கம். பி.எட், குரூப் ஃபோர், ஏதாவது கம்பெனி, "வீட்ல கேக்கணும் சார்". இந்த நான்கைத் தாண்டிப் பதில் வந்தால் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிடும். ஏன் இந்த நான்கே வருகின்றன, மற்றவை ஏன் வருவதில்லை என்பதைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகள் எதை வைத்து வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? மார்க்கா, ஆர்வமா, சம்பளமா?

மூன்றுமே உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் இரண்டு விஷயங்கள்தான் முடிவைக் கட்டிப் போடுகின்றன. எந்த வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பது ஒன்று, வீடு இன்னும் எத்தனை மாதம் காத்திருக்கும் என்பது இன்னொன்று.

திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே வளரும் பிள்ளை மாதச் சம்பளம் வாங்குகிறவர் என்று யாரைப் பார்க்கிறது? பள்ளிக்கூட டீச்சர், வி.ஏ.ஓ, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், சொசைட்டி செகரட்டரி, மின்வாரியக்காரர், அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தர், அவ்வளவுதான். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு லேபில் நிற்கிறவரையோ வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிறவரையோ அந்தப் பிள்ளை ஒருநாளும் சந்தித்ததில்லை. பார்க்காத வேலைக்கு ஆசை எப்படி வரும்? அப்புறம் நாம் "இவர்களுக்கு லட்சியமே இல்லை" என்று பேசுகிறோம். அது அநியாயம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஆர்வத்துக்கு இடமே இல்லையா சார்?

இருக்கிறது, ஆனால் ஆர்வம் முதலில் வந்து வேலை பிறகு வருகிறது என்று நினைக்காதீர்கள். 1994-ல் லென்ட், பிரவுன், ஹாக்கெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதற்கு அடித்தளம், "இது என்னால் முடியும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கையைப் பற்றி ஆல்பர்ட் பாண்டுரா அதற்கு முன்பே சொன்னது. முடியும் என்ற நம்பிக்கையும், செய்தால் நல்ல பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்கிற இடத்தில்தான் ஆர்வம் முளைக்கிறது என்கிறார்கள். வீட்டு நிலைமை, பணம், உதவி செய்ய ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஆர்வத்தை வளர்த்தும் விடும், பாதியில் கருக்கியும் விடும்.

இதை லேபில் கண்ணெதிரே பார்க்கிறேன். முதல் வருடம் பியூரெட் என்ற கண்ணாடி அளவுக் குழாயைப் பிடிக்கவே கை நடுங்கிய ஒரு மாணவி, அதிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் டைட்ரேஷனில் மூன்று முறை தொடர்ந்து அளவு 0.1 மில்லி கூட மாறாமல் எடுத்த அன்றிலிருந்து லேப் மூடும் வரை வெளியே போக மாட்டாள். பிறவியிலேயே அவளுக்கு வேதியியல் ஆர்வம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த மூன்று அளவுகள் அவளுக்கு அதைக் கொடுத்தன. அதனால் "எனக்கு எதுவும் இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்று யாராவது சொன்னால், இதுவரை எதையாவது நன்றாகச் செய்து பார்க்க உனக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. நீட் வரவில்லை, இன்ஜினீயரிங்குக்குப் பணம் இல்லை, கடைசியில் கிடைத்தது பாட்டனி. இனி என்ன?

உங்களைப் போலத்தான் வகுப்பில் பாதிப் பேர், சில வருடங்கள் பாதிக்கும் மேல். கவுன்சிலிங்கில் பிசிக்ஸ் கேட்டு ஜுவாலஜி கிடைத்தவர்கள், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம் என்பதற்காக ஒரு கல்லூரியைப் பிடித்தவர்கள், இப்படி.

இதில் எனக்குப் பெரிய கவலை படிப்பைப் பற்றியது இல்லை. "எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை, இது மீந்தது" என்ற எண்ணத்தோடு மூன்று வருடத்தையும் தள்ளுகிறார்களே, அதுதான். முதல் இரண்டு செமஸ்டர் அப்படிப் போனால் அரியர் விழுகிறது. மதிப்பெண் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் பல கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். உதாரணத்துக்கு, பாபா அணு ஆராய்ச்சி மையம் பி.எஸ்.சி முடித்தவர்களைப் பயிற்சியாளராக எடுக்கும்போது 60 சதவீதம் கேட்கிறது. இதை மூன்றாம் வருடத்தில் தெரிந்துகொண்டு என் முன்னால் அழுத பையன்கள் உண்டு. எப்படி வந்து சேர்ந்திருந்தாலும் சரி, முதல் வருட மார்க்கை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஏன் எப்போது பார்த்தாலும் அரசு வேலை, அரசு வேலை என்றே சொல்கிறார்கள்?

அவர்கள் பார்த்த வாழ்க்கை அப்படி. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும், அதற்கும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் உண்டு. 2016-ல் மழையும் பொய்த்து ஆற்றிலும் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகியதை இன்றைக்குக் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்தவர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடம் மூன்றாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவன், எம்.எஸ்.சி-க்கு எல்லாத் தகுதியும் உள்ளவன், "தோப்பு போச்சு சார், நான் வேலைக்குப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திருப்பூர் போனான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்படி வருடா வருடம் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, மாதம் பிறந்தால் தவறாமல் வரும் சம்பளம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அதைப் பேராசை என்றோ அறியாமை என்றோ பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணப் பேச்சில் கிடைக்கும் மரியாதை, வங்கியில் கடன் கிடைப்பது, இதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024-ல் குரூப் ஃபோர் தேர்வுக்கு முதலில் 6,244 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பிறகு கூடின என்றாலும் நிலைமை புரிகிறதா? எழுத வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதுங்கள், ஆனால் எத்தனை வருடம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வுக்கு ஆறு வருடம் படித்து, அதற்குள் படித்த வேதியியல் முழுக்க மறந்துபோய், 28 வயதில் லேப் வேலை கேட்டு வந்த மாணவர்களை நான் அனுப்பி வைக்க இடமில்லாமல் நின்றிருக்கிறேன்.

பணம் எந்த இடத்தில் குறுக்கே வருகிறது? அரசுக் கல்லூரியில் ஃபீஸ் குறைவுதானே?

ஃபீஸ் குறைவுதான். உதவியும் முன்பைவிட அதிகம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் வருகிறது. ஒரு பிள்ளைக்குப் பஸ், சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு என்று பார்த்தால் அந்த ஆயிரத்தின் அருமை தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதே இல்லை. இங்கே வீட்டில் காசு புழங்கும் மாதம் தை, மாசி. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கணக்கில் பணம் ஏறும் காலம் அது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்.சி சேர எழுதும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியதோ செப்டம்பர், அக்டோபரில். அதுதான் சம்பா நடவு நேரம், நாற்றுக்கும் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் நகையை அடகு வைத்திருப்பார்கள், அந்த நேரத்தில் ஒரு பிள்ளை போய் "அப்பா, ஒரு எக்ஸாமுக்குக் கட்டணும்" என்று கேட்குமா? கேட்காது. கேட்காமலேயே தேதி போய்விடும். பிறகு எம்.எஸ்.சி அட்மிஷன் ஃபீஸ் கட்டச் சொல்வது ஜூன், ஜூலையில், அதாவது தை மாதப் பணம் கரைந்து குறுவைச் செலவு ஆரம்பிக்கிற சமயத்தில்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒன்று செய்யத் தொடங்கினோம். இரண்டாம் வருடம் தை மாதத்திலேயே அடுத்த வருட நுழைவுத்தேர்வுகளின் உத்தேசச் செலவைப் பிள்ளைகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், நெல் பணம் கையில் இருக்கும்போதே பெற்றோர் அதைத் தனியாக எடுத்து வைக்கட்டும் என்று. எடுத்து வைத்தவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கூலி வேலை செய்யும் வீடுகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு எந்த மாதமும் நெருக்கடிதான். அங்கே ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் கட்டணத்தைக் கட்டிவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தனிக் காரணங்கள் உண்டா?

உண்டு, நிறைய. இன்றைக்கு என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம், முதல் மதிப்பெண்ணும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் வேலை என்று வரும்போது அவர்கள் பேச்சில் முதலில் வருவது தூரம். "தஞ்சாவூர் வரைக்கும்னா ஓகே சார்", "ஹாஸ்டல்னா அப்பா விட மாட்டாரு", "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடற மாதிரி வேலை இருக்கா?" இந்தக் கேள்விகளை வைத்து வடிகட்டினால் கடைசியில் மிஞ்சுவது பக்கத்து ஊர் தனியார் பள்ளியில் டீச்சர் வேலை. அவளுக்கு ஆசிரியத் தொழில் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது பத்திரமான வேலை, கல்யாணத்துக்குப் பிறகும் எந்த ஊரிலும் செய்யலாம், வீடு இப்படித்தான் யோசிக்கிறது.

இரண்டாவது, காலம். பையனுக்கு வீடு மூன்று வருடம் பொறுத்தால் பெண்ணுக்கு ஒரு வருடம் பொறுக்கும். எம்.எஸ்.சி இரண்டாம் வருடத்தில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்து, நிச்சயமான பிறகு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வை எழுதாமல் விட்ட பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாற்றமும் தெரிகிறது, அதையும் சொல்ல வேண்டும். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, கும்பகோணத்துக்கு டைப்ரைட்டிங் கிளாஸ், கம்ப்யூட்டர் கிளாஸ் என்று போகிற பெண்கள் கண்கூடாகக் கூடியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் சில ஊர்களில் வந்திருக்கின்றன. ஹாஸ்டல் என்றாலே பயப்படும் அப்பாவிடம் "அரசு விடுதி" என்று சொன்னால் பேச்சு கொஞ்சம் நகர்கிறது. அதைவிட அதிகம் நகர்த்துவது ஒன்று உண்டு. அதே ஊரிலிருந்து, முடிந்தால் அதே தெருவிலிருந்து, ஏற்கெனவே வெளியூர் போய் வேலை பார்க்கும் ஒரு அக்கா. ஒரு அக்கா போய்விட்டால் அடுத்த மூன்று பேருக்கு வாசல் திறந்த மாதிரி. அந்த முதல் அக்காவுக்காகத்தான் நான் பெற்றோர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறேன்.

பி.எட் போடலாமா?

சொல்லிக் கொடுப்பது பிடித்திருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள், நல்ல அறிவியல் ஆசிரியர்கள் இந்த மாவட்டங்களுக்கு இன்னும் தேவை. ஆனால் பி.எட் இரண்டு வருடப் படிப்பு, அது முடிந்த பிறகு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக ஆக டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். "வேறு ஒன்றும் தோன்றவில்லை, அதனால் பி.எட்" என்று போகிறவர்களை மட்டும் நான் உட்கார வைத்துப் பேசுவேன். உங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் டியூஷன் எடுத்துப் பாருங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும்.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் சாரே பி.ஹெச்டி முடித்துவிட்டு கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார். ஆராய்ச்சிக்குப் போனால் சோறு கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு நான் நன்றி சொன்னேன். பேச்சாளர்கள் வந்து ஆராய்ச்சியைப் பற்றி எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும், பிள்ளைகள் பார்ப்பது தங்கள் எதிரே நிற்கும் ஆளைத்தான். 40 வயதில், நிரந்தரம் இல்லாத தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாமல் ஒருவர் அருமையாகப் பாடம் எடுக்கிறார் என்றால், பிள்ளைகள் அந்தப் பாடத்தோடு சேர்த்து இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொள்கிறார்கள். இவ்வளவு படித்தாலும் இதுதான் கதி என்று. அந்த ஆசிரியர்களுக்கு நியாயம் கிடைக்காத வரையில் இந்த ஊர்களில் ஆராய்ச்சி ஆசை வளராது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் எல்லா வழியும் அங்கே போய் முடிவதில்லை. எம்.எஸ்.சி-க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. இதை நான் வகுப்பில் சொன்னபோது பின் பெஞ்சில் இருந்தவன் எழுந்து, "படிக்கிறதுக்கு அவங்க காசு தருவாங்களா சார்?" என்று கேட்டான். மூன்று வருடம் அறிவியல் படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லை என்றால் தவறு அவனுடையது இல்லை.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷில் பேச வராது. கம்பெனி இன்டர்வியூ என்றாலே பயம்.

இந்தப் பயம் வேலைத் தேர்வை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு அளவே இல்லை. சம்பளம் குறைவாக இருந்தாலும் தமிழில் பேசிச் சமாளித்துவிடலாம் என்கிற இடத்தைத் தேடிப் போகிறார்கள். லேப் வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது கருவியை இயக்கத் தெரியுமா, செய்ததை ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரியுமா என்பதை. ஹெச்.பி.எல்.சி, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று நீங்கள் தொட்டுச் செய்த ஒரு சோதனையைப் பத்து வாக்கியத்தில் எளிய ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள், அந்தப் பத்து வாக்கியம் போதும் முதல் வேலைக்கு. அரசுத் தேர்வில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ்களை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கடைசி நேரத்தில் பழைய பள்ளிக்கு அலைந்து, தேதி தவறி, இடம் போனவர்கள் உண்டு.

மாமா சிங்கப்பூரில் இருக்கிறார், வா என்கிறார். போய்விடட்டுமா?

மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தில்தான் பல வீடுகள் எழும்பின, பல தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதனால் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் மாமாவிடம் நேராகக் கேளுங்கள். என்ன பாஸில், அதாவது எந்த வகை வேலை அனுமதியில் போகப் போகிறீர்கள், ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தை அடைக்க எத்தனை மாதச் சம்பளம் வேண்டும். கட்டுமான வேலைக்கு டெஸ்ட் அடித்து, அதாவது தொழில் திறன் தேர்வு தேறி, வொர்க் பெர்மிட்டில் போனால் நீங்கள் படித்த பிசிக்ஸுக்கு அங்கே வேலை இல்லை. கடன் அடைந்த பிறகு திரும்பி வந்து படிப்பேன் என்று சொல்லிப் போனவர்களில் திரும்பி வந்து படித்தவர் என்று எனக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும்.

நண்பர்கள் எல்லோரும் ஒரே கோச்சிங் சென்டரில் சேர்கிறார்கள். நானும் சேரட்டுமா?

பஸ்ஸில் பேச்சுத்துணைக்கு என்றால் வேண்டாம். சேர்வதற்கு முன் அதே தேர்வின் பழைய வினாத்தாள் இரண்டை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

ராமானுஜன் படித்த மண், சுவாமிநாதன் பிறந்த மண் என்று ஆண்டு விழாவில் பேசுகிறார்கள். அதனால் எங்களுக்கு என்ன?

நியாயமான கேள்வி. அவர்களை மேதைகள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் ஒன்றும் இல்லைதான். ஆனால் அவர்கள் வேலை தேடிய கதையைப் படித்தால் நமக்கு நிறைய இருக்கிறது.

ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு 1904-ல் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகை போயிற்று. பட்டம் இல்லை, கையில் காசும் இல்லை. 1910-ல் தன் கணித நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி அய்யரிடம் போய் அவர் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் சொல்வதும் அதுதானே! ராமஸ்வாமி அய்யர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர், நோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வேலை தராமல் சென்னையில் தனக்குத் தெரிந்த கணிதக்காரர்களிடம் அனுப்பினார். அங்கே சேஷு அய்யர், அவர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க் வேலை, அடுத்த வருடம் ஜனவரியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம்.

இதில் ஒருவர்கூட ராமானுஜனின் சொந்தக்காரர் இல்லை. 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைத்தான் ஆராய்ந்து சொன்னார். வேலை பற்றிய புதுத் தகவல் நெருங்கிய உறவுகளிடமிருந்து வருவதைவிட, எப்போதாவது பார்க்கிற, லேசாகத் தெரிந்த ஆட்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது என்று. காரணம் எளிது, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். டெல்டாவில் நமக்கு உறவு நிறைய, அந்த லேசான அறிமுகம்தான் குறைவு. நம் கல்லூரியில் நான்கு வருடம் முன்பு முடித்துவிட்டு இப்போது ஓசூரிலோ புதுச்சேரியிலோ லேபில் இருக்கும் ஒரு அண்ணனின் ஃபோன் நம்பர், நூறு ஊக்கப் பேச்சுக்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

எம்.எஸ். சுவாமிநாதன் 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தார். அப்பா டாக்டர், குடும்பம் அவரையும் டாக்டராகப் பார்க்க விரும்பியது. விலங்கியல் படித்தார். 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் செத்ததைக் கேட்டு வேளாண்மைக்கு மாறிக் கோயம்புத்தூர் போனார். பிறகு குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐ.பி.எஸ் கிடைத்தது, அதை விட்டுவிட்டு நெதர்லாந்தில் மரபியல் ஆராய்ச்சிக்குப் போனார். மேடையில் இதைத் தியாகம் என்று சொல்வார்கள். நான் வகுப்பில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அது வசதியுள்ள குடும்பம், அந்த வீட்டால் காத்திருக்க முடிந்தது. உங்கள் வீட்டால் முடியாது என்றால் நீங்கள் தைரியம் குறைந்தவர் என்று ஆகிவிடாது.

கண்ணால் பார்த்தால்தான் ஆசை வரும் என்கிறீர்கள். எங்கே போய்ப் பார்ப்பது?

முதலில் பக்கத்தில் பாருங்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. உங்கள் வயலில் போட்ட ஏ.டி.டி 43 நெல் ரகத்தின் பெயரில் உள்ள அந்த ஏ.டி.டி ஆடுதுறையைத்தான் குறிக்கிறது. அங்கே விஞ்ஞானி ஆக வேளாண்மைப் பட்டம் வேண்டும், ஆனால் ஒரு ஆராய்ச்சி எப்படி நாற்றங்காலில் ஆரம்பித்து விதை மூட்டையில் முடிகிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்தது, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு அந்தப் பட்டங்களையும் எம்.எஸ்.சி வேதியியலையும் ஏற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், துவாக்குடியில் என்.ஐ.டி. அந்த என்.ஐ.டி-யில் எம்.எஸ்.சி சேர ஜாம் மதிப்பெண் போதும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் நடக்கிறது, அங்கே எம்.எஸ்.சி-க்கு கியூட் நுழைவுத்தேர்வு. பீகாரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அந்த வாசல் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் என் மாணவி ஒருத்தி, "அது யாருக்கு சார்? நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே 12 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் லேபைச் சுற்றிக்காட்டி, ஒரு மணி நேரம் தமிழிலேயே பேசினார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் கியூட் எழுதினார்கள், இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது, அதில் ஒருத்தி அவள்.

இன்னும் ஒன்று, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கின்றன, தேர்வானால் இரண்டு மாதம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் போய் இருக்கலாம். இரண்டாம் வருடத்திலேயே விண்ணப்பியுங்கள்.

என் பையன் கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம். நான் எட்டாவதுதான் படித்தேன், விவசாயம். அவனிடம் நான் என்ன கேட்பது?

போன மாசியில் நெல் போட்டுவிட்டு நேரே கல்லூரிக்கு வந்த ஒரு அப்பா கேட்டது இது. "என்ன வேலைக்குப் போகப்போற?" என்று கேட்காதீங்க, அவனுக்கும் அது தெரியாது, தெரியாது என்று சொல்லப் பயந்து வாயில் வந்ததைச் சொல்லுவான் என்றேன். "உங்க காலேஜ்ல போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் முடிச்சவங்கள்ல யார் யார் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் விசாரித்து வரச் சொல்லுங்கள், ஐந்து பேராவது. பிறகு உங்கள் நிலைமையை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். இந்த வருடம் இவ்வளவு கடன், இத்தனை மாதம் என்னால் சமாளிக்க முடியும், அதற்கு மேல் நீ கை கொடுக்கணும் என்று. பிள்ளைகள் அதைத் தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள், வீட்டில் நெருக்கடி உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று சிலர் நினைத்துக்கொண்டு படிப்பை விடுகிறார்கள், குறைவு என்று நினைத்துக்கொண்டு சிலர் காலத்தைக் கடத்துகிறார்கள்.

அந்த அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு வருஷம் தாங்கும் சார், மூணாவது வருஷம் பொண்ணு கல்யாணம் இருக்கு" என்றார். இதை அவனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பையன் லேபில்தான் இருந்தான், கூப்பிட்டு அனுப்பினேன்.